உங்களுக்கு என்ன வருத்தம்?

நவம்பர் 6, திங்கள்

காலையிலிருந்து ஆறு முறை போய்விட்டேன். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்த்தூள் கரைத்த மாதிரி எரிகிறது. எழுந்து வந்தால், இன்னும் பாக்கி இருக்கிறது என்று அடிவயிறு இழுக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சூடுத்தா அது. எந்நேரமும் அந்த ஹீட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? பெருவெரல் நெகத்துல வெளக்கெண்ணெய வையி, மோரக் குடி" என்றாள். வெளியே நாலு டிகிரி. மான்ஹைமில் விளக்கெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாததால் நல்லெண்ணெய் வைத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாத்தூரில் ஆறு வருஷம் லேபில் வேலை பார்த்தவள் நான். ஒரு நாளைக்கு நாற்பது டப்பா மூத்திரம் கைமாறும். பேர் எழுதி ஒட்டி, பரிசோதனைப் பட்டையை நனைத்து, மைக்ராஸ்கோப்பில் சீழ் அணுக்களை எண்ணி ரிப்போர்ட் எழுதுவேன். "மொதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றதப் பிடிங்கம்மா" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்த ராமலட்சுமிதான் இன்று கால்விரலில் எண்ணெய் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஊருக்கு வந்து பதினோரு மாதத்தில் புத்தியும் போய்விட்டது.

வீட்டுக்காரர் ஆறரைக்கு வந்தார். நான் கட்டிக்கொடுத்த புளிச்சோறு பாதி அப்படியே திரும்பி வந்தது. "சுகந்தினி இடியப்பமும் சொதியும் கொண்டாந்திருந்தா. ஒனக்கும் குடுத்துவிட்டிருக்கா பாரு" என்று நீல மூடி போட்ட ஒரு டப்பாவை மேஜையில் வைத்தார்.

சுகந்தினி ஆபீஸில் அவருக்கு அடுத்த மேஜை. அவளுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், அவள் இங்கேயே பிறந்தவள். வயது இருபத்தொன்பது, என்னைவிட நாலு சின்னவள். தமிழ் பேசுவாள், ஜெர்மன் பேசுவாள், கார் ஓட்டுவாள். இப்போது சொதியும் வைக்கிறாள்.

சொதி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

நவம்பர் 7, செவ்வாய்

பதினோரு முறை. எண்ணெயால் ஒரு பலனும் இல்லை, பாத்ரூம் விரிப்பில் கறைதான்.

நவம்பர் 8, புதன்

ஜெர்மன் வகுப்பில் இன்று புதிய வினைச்சொல். டீச்சர் பலகையில் ஒரு வீட்டை வரைந்து, கூரைமேல் சிவப்பில் தீயை வரைந்தார். "எஸ் ப்ரென்ட்." எரிகிறது. எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்த துருக்கிக்காரம்மா திரும்பிப் பார்த்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். "நீர்க்கடுப்புங்க. மூணு நாளாச்சு."

"மூணு நாளா? ஏன் சொல்லல நீ?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "நாளைக்கே டாக்டரப் பாத்துருவோம். சுகந்தினியக் கூட்டிக்கிருவோம்."

"அவ எதுக்கு?"

"எனக்கு ஜெர்மன்ல காப்பி வாங்கத்தான் தெரியும். அந்த டாக்டர் பெரியவரு, இங்கிலீஷ் பேச மாட்டாராம். வேற யாரு இருக்கா?"

உடனே போன் போட்டார். அவளிடம் "வீட்டுல ஒடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னார். ஸ்பீக்கரில் அவள் குரல்: "ஓம் சாமி, எட்டரைக்கு நான் வாறன்."

என் வீட்டுக்காரர் பெயர் கருப்பசாமி. அத்தைக்குக் கருப்பன். எனக்கு 'ஏங்க'. அந்தப் பிள்ளைக்குச் சாமி. பின்னால் ஒரு அண்ணா சேர்த்தால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

நவம்பர் 9, வியாழன்

காரில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால், கடையில் வாங்கிப் போட்ட சாமான் மாதிரி. வழியெல்லாம் ஆபீஸ் கதை. ஏதோ ஒரு மெயிலைப் பற்றிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை நீல நாடாவில் தொங்கியது. வேலைக்குப் போகிற வழியில் எனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாள், அவ்வளவுதான் நான்.

அவர், "பொம்பளைக சமாச்சாரம், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே டாக்டர், நான், அவள். அவள் நாற்காலியை எனக்கும் டாக்டருக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள். டாக்டர் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, என் முழங்கால்மேல் கை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன வருத்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன வருத்தமாம். வேலையை விட்டுவிட்டு, ஊரை விட்டுவிட்டு வந்து, இவள் வைத்த சொதியைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, அதைக் கேட்கிறாளா? 'நீ வந்தா அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறா' என்று இவர் ஏதும் சொல்லி வைத்திருக்கிறாரா? டாக்டர் முன்னால் கேட்கிற கேள்வியா இது?

"எனக்கென்ன வருத்தம்? ஒரு வருத்தமும் கெடையாது" என்றேன்.

அவள் முழித்தாள். டாக்டரிடம் ஏதோ சொன்னாள். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வருத்தம் ஒண்டும் இல்லையோ? அப்ப உங்களுக்கு என்ன செய்யுது?"

எரிகிறது என்று சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஜெர்மனில் பேசிக்கொண்டதற்கு நான் பொறுப்பில்லை. டாக்டர் என்னைப் படுக்க வைத்து நெஞ்சுக்குழிக்குக் கீழே அமுக்கினார். "இதில நோகுதோ எண்டு கேக்கிறார்" என்றாள். தலையை ஆட்டினேன். சிறுநீர் பிடித்துத் தரச் சொல்லவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"யோசிக்காதேங்கோ அக்கா, கெதியாச் சுகம் வந்திரும்" என்று இறக்கிவிட்டுப் போனாள். அவரும் அதே காரில் ஆபீஸ் போனார்.

நவம்பர் 10, வெள்ளி

மாத்திரையின் பெயர் ப்ரசோல் என்று முடிகிறது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுப்பது. ஊரில் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலும் ஒரு அட்டை கிடக்கும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் ஒன்று. போட்டுக்கொண்டேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கேஸ் மாத்திரையில்ல?"

"டாக்டர் எழுதிக் குடுத்தாரு."

"நீர்க்கடுப்புன்னு சொன்னியா இல்லியா?"

"நான் சொன்னேன். அவ என்னத்த மாத்திச் சொன்னாளோ, எனக்கென்ன தெரியும்? அவ பேசுற தமிழே எனக்குப் பாதி வெளங்கல."

அவர் முகம் சுருங்கியது. "திங்கக்கெழம திரும்பப் போவோம்" என்றார். சுகந்தினியைப் பற்றி அந்த முகத்தை அவர் வைத்து நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

பதினான்கு முறை. நிறம் கலங்கல்.

நவம்பர் 11, சனி

வந்துவிட்டாள், நலம் விசாரிக்க. கையில் ஆரஞ்சுப் பழங்கள். அவர் கடைக்குப் போயிருந்தார். வாசலிலேயே நிறுத்தி, நீல மூடி டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். வெறும் டப்பா. எங்கள் பக்கத்தில் ஒருவர் பலகாரம் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்போம். வெறும் பாத்திரம் கொடுத்தால் இனி வராதே என்று அர்த்தம். துடைத்து, பளிச்சென்று, காலியாகக் கொடுத்தேன்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "ஐயோ, கழுவியும் வச்சிருக்கிறீங்கள். நன்றி அக்கா" என்றாள்.

இந்தப் பிள்ளையை எப்படித்தான் அவமானப்படுத்துவது?

நவம்பர் 12, ஞாயிறு

வலது பக்கம் விலாவுக்குக் கீழே முதுகில் வலி. குளிர்கிறது. ஹீட்டர் ஐந்தில் இருக்கிறது, இரண்டு போர்வை, ஆனாலும் குளிர்கிறது.

நவம்பர் 15, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இடது கையில் டிரிப். வலது கை சும்மாதானே இருக்கிறது.

திங்கள்கிழமை காலையில் அவர் கிளம்பும்போது தூங்குவதுபோல் கிடந்தேன். சாயங்காலம் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு மேல் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு முறை வாந்தி. காய்ச்சல் முப்பத்தொன்பது புள்ளி ஆறு. அவருக்கு மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. சுகந்தினி நம்பரும் இருந்தது. அதை எடுத்தேன், பார்த்தேன், வைத்துவிட்டேன். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு அந்த வீம்பு இருந்தது.

அவசர எண் 112-ஐ அடித்தேன். ஒரு பெண் படபடவென்று கேட்டாள். எனக்கு வாயில் வந்தது புதன்கிழமை படித்த ஒரே வாக்கியம்தான்.

"எஸ் ப்ரென்ட்" என்றேன்.

அவள் குரல் மாறிவிட்டது. எங்கே எரிகிறது, வீடா, மாடியா என்று கேட்டாள். வீடு என்ற சொல் எனக்குப் புரிந்தது. தீயணைப்பு வண்டியை அனுப்பப் போகிறாள் என்பதும் புரிந்தது.

"நைன், நைன். நிஷ்ட் ஹவுஸ்" என்றேன். "இஷ்."

இல்லை, இல்லை. வீடு இல்லை. நான்.

பிறகு அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். டாய்லெட், தண்ணீர், முதுகு, காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் கொட்டினேன். வீட்டு முகவரியை மட்டும் பிசகாமல் சொன்னேன், வகுப்பில் முதல் பாடம் அதுதான். ஆம்புலன்ஸ் வந்தது.

இங்கே நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்து, முதலில் விடு, நடுவில் பிடி, கடைசியை விடு என்று கையாலேயே நாட்டியம் ஆடிக் காட்டினாள். அவ்வளவு காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டையை என் கண் முன்னாலேயே நனைத்தாள். ஊதா ஏறியது, பக்கத்தில் ரோஜா நிறமும் ஏறியது. எத்தனையோ பேருக்குப் பார்த்த ஊதா. மூத்திரப் பையில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். இளவயது லேடி டாக்டர் இங்கிலீஷில் சொன்னார்: இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும்.

நேற்று மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் தாடிகூட எடுக்கவில்லை. சுகந்தினி கட்டில் காலருகே நின்றாள். கிட்டே வரவில்லை.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா" என்று அழுதாள். "பன்னெண்டு வயசில இருந்து அம்மாவை டொக்டரிட்ட நான்தான் கூட்டிக்கொண்டு போறனான். அம்மாவுக்கு என்ன வருத்தம், எவ்வளவு நாளா வருத்தம், எல்லாம் நான்தான் சொல்லோணும். பிழையாச் சொல்லி அம்மாவுக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு ஒவ்வொரு தரமும் பயப்பிடுவன். அம்மாவுக்கு ஒண்டும் நடக்கேல்ல. உங்களுக்கு நடந்திட்டுது."

அம்மாவுக்கு என்ன வருத்தம். எவ்வளவு நாளாக வருத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வருத்தம் என்று சொல்வது நோயை. உங்களுக்கு என்ன நோய் என்றுதான் அன்று கேட்டிருக்கிறாள். டாக்டர் அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு நோயும் கிடையாது என்று நான் விறைப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அவள் முழித்ததில் தப்பில்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "பரவால்ல, நீங்க கெளம்புங்க" என்றார். அவளை எப்போதும் நீ, வா, போ என்பவர். நீங்க என்றதும் அவள் முகம் விழுந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 16, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. கல்ச்சரில் வளர்ந்தது ஈ கோலி கிருமி. சரியான மருந்துதான் ஏறுகிறது.

அவர் தானே வைத்த ரசம் கொண்டு வந்தார். உப்பு இல்லை, ஆனாலும் குடித்தேன். மேஜையை வேறு பக்கம் மாற்றித் தரும்படி ஆபீஸில் கேட்டிருக்கிறாராம். "ஒரு வார்த்த சரியாச் சொல்லத் தெரியாதவள நம்பி ஒன்னய அனுப்புனேன் பாரு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவள் அவருக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். அவர்கள் கோயிலுக்கு வரும் வயதான அம்மாக்களுக்கு அவள்தான் டாக்டரிடம் துணைக்குப் போவாளாம். நாளைக்கும் ஒருவருக்குப் போவதாக இருந்ததாம். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இனி ஒருவருக்கும் மொழிபெயர்க்கப் போவதில்லையாம்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சொதி இல்லை, சாமி இல்லை, அடுத்த மேஜை இல்லை.

ஒன்பதாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'எரிகிறது என்று சொன்னேன்' என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூட மழுப்பியிருக்கிறேன்.

நான் சொன்னது, "வயிறு எரியுது." அவள், "வயிறோ அக்கா? வேற ஒண்டும் இல்லையோ? சலம் போறது எல்லாம் சரியோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். சலம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகவே விளங்கியது. "எல்லாஞ் சரி. வயிறுதான்" என்றேன். என் மூத்திரத்தைப் பற்றி அவள் வாயால் பேசக் கூடாது என்று இருந்தது. அந்த அட்டையும் நாடாவும், நடுவில் இழுத்துப் போட்ட நாற்காலியும். நான் சொன்னதை அவள் அப்படியே சரியாகத்தான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 17, வெள்ளி

அவளை வரச் சொல்லுங்கள் என்றேன். அவர், "இப்ப எதுக்கு அது?" என்றார். வரச் சொல்லுங்கள் என்றேன் மறுபடியும்.

நாலு மணிக்கு வந்தாள். அவரையும் இருக்கச் சொன்னேன்.

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல சுகந்தினி. நான்தான் வயிறுன்னு சொன்னேன். நீ கேட்டதுக்கும் இல்லைன்னுட்டேன். இவருகிட்டப் பழிய ஒம்மேல போட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். அவள்தான் கேட்டாள், கோபமே இல்லாமல், நிஜமாகத் தெரியாமல்: "ஏன் அக்கா?"

"வயிறு எரிஞ்சுச்சு. நெசமாவே எரிஞ்சுச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. "அப்ப வயிறும் எரிஞ்சதோ? அதை இங்க டொக்டரிட்டச் சொன்னீங்களோ?" என்று பதறி, நர்ஸைக் கூப்பிட மணியைத் தேடினாள். அவர் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானே சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை நாள் எனக்கு மொழிபெயர்க்க வந்தவளுக்கு நான் மொழிபெயர்த்தேன்.

"அந்த வயிறு இல்ல. எங்க ஊர்ல வயிறு எரியுதுன்னா வேற அர்த்தமும் இருக்கு. பொறாம."

"என்னிலயோ?" என்றாள்.

"ஆமா."

"சாமியாலயோ?" அவள் முகம் சிவந்தது. அவர் நிமிர்ந்தார்.

"மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன்." அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினேன். "இதுனால. எனக்கும் ஒண்ணு இருந்துச்சு சாத்தூர்ல. செகப்பு நாடா."

அவள் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கழற்றவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அதற்காக அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்கள் எனக்குப் பிழை செய்தனீங்கள் அக்கா. நான் மூண்டு நாள் நித்திரை கொள்ளேல்ல" என்றாள்.

"தெரியும்."

"அந்த அம்மாவை இண்டைக்கு வேற ஆரோ கூட்டிக்கொண்டு போனவை. அவைக்கு ஜெர்மன் சரியா வராது."

"அடுத்த தடவ நீயே போ."

எழுந்து போய்விட்டாள். அவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடைசியில், "லேப் வேல இங்க கெடைக்குமான்னு கேக்கணும்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணலயே" என்றார். நானும் சொன்னதில்லையே என்றேன்.

நவம்பர் 20, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரை இன்னும் ஏழு நாள். சரியான மாத்திரை. தண்ணீர் மூன்று லிட்டர்.

நவம்பர் 22, புதன்

எள்ளுப்பொடி வறுத்து இடித்து, சுகந்தினிக்கு ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினேன். மேஜையை மாற்ற வேண்டாம் என்று அவர் ஆபீஸில் சொல்லிவிட்டார். சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது, காலியாக, கழுவித் துடைத்து. கொஞ்ச நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, இவள் இந்த ஊரில் பிறந்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வயதான அம்மாவைத் திங்கள்கிழமை அவளே மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனாளாம். அவர் சொன்னார்.

நவம்பர் 24, வெள்ளி

மறுபரிசோதனைக்கு அதே வயதான டாக்டரிடம் போனேன், தனியாக. டிராமில் இரண்டு நிறுத்தம். சுகந்தினியும் அவரும் இரண்டு நாள் பயிற்சிக்காகக் காலை ரயிலில் பெர்லின் போயிருக்கிறார்கள். ஆபீஸில் எட்டுப் பேர் போகிறார்கள் என்று அவர் மூன்று தடவை சொன்னார். ஸ்டேஷனுக்குப் போக வாசலில் சுகந்தினி காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். அவர் முன்னால்தான் ஏறினார்.

நீர் பிரியும்போது எரிச்சல் என்பதற்கு ஜெர்மனில் முழு வாக்கியத்தையும் அவள் எனக்கு எழுதி அனுப்பியிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நர்ஸிடம் குவளையை நானே கேட்டு வாங்கி, பிடித்து, பேர் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். பட்டையில் நிறம் ஏறவில்லை. நர்ஸ் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இன்னும் எரிகிறதா என்று கேட்டார்.

இந்நேரம் ரயில் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். டாக்டர் கேட்டது மூத்திரத்தைத்தானே.

"நைன்" என்றேன்.